டர்போ காரில் 'பவர்' ஏத்தும் மோகம்! காற்றை ஏற்றிவிட்டு பெட்ரோல் அழுத்தத்தை மறந்தால் எஞ்சின் கோவிந்தா!

சென்னை:

சென்னையில் இப்போது சின்னக் கார்கூட 'டர்போ' கார்தான்! ஒரு லிட்டர் எஞ்சின், மூன்றே சிலிண்டர். ஆனால் மிதித்தால் பறக்கிறது.

பறப்பது போதாது, இன்னும் 'பவர்' வேண்டும் என்று ஒர்க் ஷாப் வாசலில் போய் நிற்கிற வாலிபர்களும் உண்டு.

"அண்ணே, ஒரு இருபது குதிரை சக்தி கூட ஏத்திக் குடுங்கண்ணே!"

இதுதான் கோரிக்கை. ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. சில மணி நேர வேலை. ஆனால் ஏற்றிய பவர் நிற்க வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. அதுதான் எரிபொருள் அழுத்தம். அதாவது, எஞ்சினுக்குப் பெட்ரோல் என்ன வேகத்தில் போய்ச் சேருகிறது என்கிற கணக்கு.

இதைக் கேட்காமல் பவர் ஏற்றினால்? வங்கித் தவணை பாக்கி இருக்கும்போதே பிஸ்டனில் ஓட்டை! பறந்த கார் லாரி மேல் ஏறித் திரும்பி வரும்.

ஏன் இத்தனை டர்போ?

ஒரு காலத்தில் டர்போ என்றால் லாரி, பஸ் சமாச்சாரம். அப்புறம் டீசல் கார்களுக்கு வந்தது. 2007-ல் வந்த மாருதி ஸ்விப்ட் டீசல் கார், 1,248 சி.சி. டர்போ எஞ்சினை நடுத்தர வர்க்கத்து வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்தியது. இப்போது பெட்ரோல் கார்களிலும் டர்போ.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதற்கு முன்பும் சின்ன எஞ்சினுக்கு வரியில் சலுகை இருந்தது.

இரண்டாவது காரணம் புகைக் கட்டுப்பாடு. 2020 ஏப்ரல் 1 முதல் 'பி.எஸ்.6' விதி அமலில் இருக்கிறது.

ஆக எஞ்சின் சின்னதாக இருக்க வேண்டும், இழுவையும் வேண்டும். கம்பெனிகள் கண்ட வழி டர்போ. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் மட்டும் அல்ல, ஆபீசுக்குப் போய் வர வாங்கியவர்கள் கையிலும் இன்று டர்போ கார்தான் இருக்கிறது. இந்தக் கணக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இலை இரண்டு மடங்கு, சாம்பார் அதே அளவு!

டர்போ என்ன செய்கிறது? எஞ்சினில் இருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. சாதாரணச் சுற்று அல்ல. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்! அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இப்படித் தள்ளும் அழுத்தத்துக்குப் பெயர் 'பூஸ்ட்'.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. முழுசாக மிதிக்கும்போது டர்போ எஞ்சினுக்கு இன்னும் தாராளமாகப் பெட்ரோல் கொடுப்பார்கள்; 12 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்கிற அளவில். கூடுதல் பெட்ரோல் ஆவியாகி உள்ளே சூட்டைத் தணிக்கும்.

கல்யாண வீட்டைப் பாருங்கள். பந்தியில் இலை இரண்டு மடங்கு போட்டாகி விட்டது. சமையல்கட்டில் சாம்பார் மட்டும் அதே அளவு. என்ன ஆகும்? ரகளைதான்!

எஞ்சினிலும் அதே ரகளை. காற்று மிஞ்சி பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறுகிறது. பிளக் தீப்பொறி பரப்பும் நெருப்பு போய்ச் சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கிறது. சுத்தியலால் தட்டுவதுபோல 'டக டக' என்று சத்தம். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள்.

இந்தத் தட்டல் சில வினாடி நீடித்தாலே ஆபத்து. ரிங் உட்காரும் இடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் தலை உருகும்.

டயர் காற்று போலத்தான்!

சரி, எரிபொருள் அழுத்தம் இதில் எங்கே வருகிறது?

டாங்கிக்குள் இருக்கிற மின்சார பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. அந்தப் பெட்ரோல் ஒரு குழாயில் வந்து காத்திருக்கிறது. 'இன்ஜெக்டர்' என்கிற ஊசித்துளை அளந்து அளந்து பீய்ச்சுகிறது. குழாயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காவல் காக்கிறதுதான் 'பியூயல் பிரஷர் ரெகுலேட்டர்'. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு. அழுத்தம் மிஞ்சினால் சவ்வு தூக்கிக் கொடுத்து, மிச்சப் பெட்ரோலை டாங்கிக்கே திருப்பி அனுப்பிவிடும்.

சாதாரண இன்ஜெக்டர் எஞ்சினில் இந்த அழுத்தம் 3 'பார்' அளவில் இருக்கும். பங்கில் டயருக்குக் காற்று அடிக்கிற கணக்கில் சொன்னால் 43 பவுண்டு. (கார் டயருக்கு 32 பவுண்டு அடிக்கிறோம் இல்லையா, அதே பவுண்டுதான்.)

டர்போ இல்லாத வண்டியில் இது போதும். டர்போ வந்தால்தான் சிக்கல். இன்ஜெக்டரின் வாய் இருப்பது காற்று வரும் பாதையில். டர்போ 10 பவுண்டு பூஸ்ட் தள்ளும்போது, அந்த 10 பவுண்டும் இன்ஜெக்டர் வாயை எதிர்த்து அமுக்குகிறது. நெரிசலில் பஸ்சில் ஏறப் போகிறவரை உள்ளே இருந்து பத்துப் பேர் தள்ளினால் எப்படி? அப்படித்தான்!

பின்னால் 43 பவுண்டு. எதிரே 10 பவுண்டு. உண்மையில் வேலை செய்வது 33 பவுண்டு. இதனால் பீய்ச்சும் பெட்ரோல் சுமார் 12 சதவீதம் குறைகிறது. அதே நேரம் காற்றோ மூன்றில் இரண்டு பங்கு வரை கூடி நிற்கிறது. அதிகம் தேவைப்படுகிற நேரம் பார்த்துப் பெட்ரோல் குறைகிறது!

இதற்குப் பரிகாரம் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். எஞ்சினின் காற்றுப் பாதையில் இருந்து ரெகுலேட்டர் தலைக்கு அதை இணைத்துவிட்டால், பூஸ்ட் 10 ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் 10 ஏறி 53 ஆகும். ஒன்றுக்கு ஒன்று. இன்ஜெக்டருக்கு எப்போதும் அதே 43 பவுண்டு மிச்சம்.

இந்த ஹோஸ் வெடித்தாலோ கழன்றாலோ கதை கந்தல். வண்டி ஓடும்; ஊருக்குள் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓ.எம்.ஆரில் முழுசாக மிதிக்கும் அன்றுதான் விஷயம் வெளியே வரும்.

திருகு இருக்கே என்று திருகலாமா?

ஜி.பி. ரோட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் திருகி அழுத்தம் கூட்டுகிற ரெகுலேட்டர்கள் பளபளவென்று கிடைக்கின்றன. மேலே ஒரு கடிகாரம் போல மீட்டர் வேறு. "ரெண்டு சுத்து திருகினா பவர் கூடும்" என்பது பரவலான நம்பிக்கை.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாது. பெட்ரோல் 10 சதவீதம் கூட வேண்டுமானால் அழுத்தம் 21 சதவீதம் கூட வேண்டும். பெட்ரோல் இரண்டு மடங்கு வேண்டுமானால் அழுத்தம் நாலு மடங்கு ஆக வேண்டும்!

அழுத்தம் கூடக் கூட பம்ப் திணறும். அது அனுப்புகிற பெட்ரோல் அளவு குறையும். மீட்டரில் முள் மேலே நிற்கும். வண்டி ஓடும்போது, வேண்டிய நேரத்தில், குழாயில் பெட்ரோல் இருக்காது. எரிகிற ஸ்டவ்வில் கண்டபடி பம்ப் அடித்தவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். பம்ப் அடித்தால் மட்டும் மண்ணெண்ணெய் கூடி விடுவதில்லை!

இன்னொரு ஆபத்து தீ. தரமில்லாத ஹோஸ், தளர்ந்த கிளிப், அதில் கூட்டிய அழுத்தம், பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த டர்போ. ஒரு சொட்டு கசிந்தால் போதும்.

புதுக் கார்களில் திருகே இல்லை

இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் பல, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் ரகம். இவற்றில் டாங்கி பம்ப் தவிர, எஞ்சின் தலையில் இன்னொரு பம்ப் உண்டு. அழுத்தம் 200 முதல் 350 பார் வரை. அதாவது சுமார் 3 ஆயிரம் முதல் 5 ஆயிரம் பவுண்டு! இதைத் திருகால் கூட்ட முடியாது. காரின் கம்ப்யூட்டர்தான் வினாடிக்கு வினாடி தீர்மானிக்கிறது.

டீசல் கார்களில் இன்னும் மேலே. 'காமன் ரெயில்' டீசலில் 1,600 பார் என்பது சகஜம். அதாவது 23 ஆயிரம் பவுண்டு. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால், பீறி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கி விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இந்த வண்டிகளுக்குத்தான் 'ட்யூனிங் பாக்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. பல பெட்டிகள் செய்கிற வேலை என்ன தெரியுமா? பொய் சொல்வது!

குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. பெட்டி நடுவில் உட்கார்ந்து, உள்ளதைக் குறைத்துக் காட்டும். "அழுத்தம் பத்தலை போலிருக்கே" என்று கம்ப்யூட்டர் நம்பி இன்னும் ஏற்றும். வண்டி இழுக்கும். ஓட்டுகிறவருக்கு ஆனந்தம். ஆனால் உண்மை அழுத்தம் இன்னது என்று இப்போது கம்ப்யூட்டருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

டீசலில் எரிபொருள் கூடினால் கரும்புகை, சூடு. அந்தச் சூடு டர்போவைத் தின்னும். பி.எஸ்.6 டீசல் என்றால் புகை வடிகட்டி அடைத்துக் கொள்ளும். அதை மாற்ற ஆகிற செலவு, பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு.

'இ-20' கொண்டு வந்த புதுக் கணக்கு

இந்த நேரத்தில் பெட்ரோலே மாறி இருக்கிறது. 2022 ஜூனில் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2025-ல் அது 20 சதவீதம் ஆனது. இதுதான் 'இ-20'. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று தொடர்ந்த வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந்தேதி தள்ளுபடி செய்தது.

எத்தனாலுக்குத் தேவையான காற்று குறைவு. ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். பழைய 14.7 என்கிற கணக்கு இ-20-ல் சுமார் 13.5 ஆகிறது. 10 சதவீதக் கலப்பில் ஓடிய வண்டி இ-20-க்கு மாறும்போது எரிபொருள் சுமார் 4 சதவீதம் கூடத் தேவை.

கம்பெனியில் இருந்து வந்தபடி ஓடும் காரில், புகைக் குழாயில் இருக்கும் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே ஈடு கட்டும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கையிருப்பு வைத்துத்தான் கம்பெனி அனுப்பியிருக்கிறது.

பவர் ஏற்றிய காரில் அந்தக் கையிருப்பை ஏற்கெனவே செலவு செய்தாகி விட்டது! 2021-ல் 'ரீமேப்' செய்த வண்டி, அன்றையப் பெட்ரோலுக்கு அளந்த கணக்கிலேயே இன்றைய இ-20-ல் ஓடுகிறது. மாதச் சம்பளத்தை எல்லாம் தவணைக்கே எழுதிக் கொடுத்தவன் வீட்டில் திடீர் ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதிரி!

எத்தனாலுக்கு நல்ல குணமும் உண்டு. அது எளிதில் 'நாக்கிங்' ஆகாது. உள்ளே குளிர்ச்சியும் தரும். அளந்து ட்யூன் செய்தால் டர்போ காருக்கு இ-20 நண்பன்தான். அளக்காதவருக்குத்தான் பகை.

மைலேஜ் விஷயமும் தெரிய வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரி செய்த கார்களில், இ-20-ல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. இந்தக் குறைவைப் பார்த்துவிட்டு, "வண்டி இழுக்கலை, ரெகுலேட்டரைத் திருகுங்க" என்று போகிறவர் வியாதி ஒன்று, மருந்து ஒன்று என்று போகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"புகைச் சோதனையில் பாஸ் ஆயிடுச்சே" என்று நிம்மதி அடைவதிலும் அர்த்தம் இல்லை. பெட்ரோல் காரை அங்கே நிற்க வைத்துத்தான் சோதிக்கிறார்கள். முழு வேகத்தில் உள்ளே நடக்கிற கூத்து அந்தக் காகிதத்தில் வராது.

கம்பெனி வாரண்டி, இன்சூரன்ஸ் விஷயமும் கவலைக்குரியது. மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விட்டால், கிளெய்ம் கேட்கும் நாளில் அதுவே வில்லங்கம் ஆகலாம். எரிந்தது கார்; தவணை மட்டும் எரியாது!

அளந்து செய்கிறவர் என்ன செய்வார்?

பந்தயக் களத்தில் டர்போ எஞ்சின்கள் மணிக்கணக்கில் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த பார்முலா-4 பந்தயத்தைச் சென்னையே பார்த்தது. அங்கே ஒவ்வொரு எஞ்சினையும் மீட்டர் வைத்துக் கண்காணிக்கிறார்கள். ஊகத்தில் எதுவும் திருகுவது இல்லை.

தொழில் தெரிந்தவர் முதலில் பவரைத் தொட மாட்டார். பெட்ரோல் பில்டர், பிளக், ஹோஸ், பம்புக்குப் போகிற கரண்டு, இவற்றைப் பார்ப்பார். பம்புக்குக் கரண்டு குறைந்தாலே அழுத்தம் படுத்து விடும்.

அடுத்து அழுத்தத்தை அளப்பார். அதுவும் வண்டி நிற்கும்போது அல்ல, முழுச் சுமையில். பூஸ்ட் ஏற ஏற அழுத்தம் கூடவே ஏறுகிறதா, கடைசியில் சரிகிறதா என்பதுதான் கேள்வி. சரிந்தால் வேலை அங்கேயே நிற்கும். பம்ப், இன்ஜெக்டர் சரியாகும்வரை பூஸ்ட் ஏறாது.

மூன்றாவது, புகையில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கிற 'வைட் பேண்ட்' சென்சார். பல பழைய கார்களில் இருக்கும் சாதாரண சென்சார், விகிதம் சரியாக இருக்கும் இடத்தை ஒட்டி மட்டுமே நம்பகமாகச் சொல்லும். முழுசாக மிதிக்கும்போது உதவாது.

நாலாவது, சோதனை ரோடில் அல்ல. சக்கரத்தை உருளையில் ஓட்டிப் பார்க்கிற 'டைனோ' மேடையில். ஈ.சி.ஆரில் பாதி ராத்திரியில் மிதித்துப் பார்ப்பது ட்யூனிங் அல்ல. எதிரே மீன் கூடையோடு சைக்கிளில் வருகிறவர் யாருக்கும் அந்தச் சோதனையில் பங்கு இல்லை.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி:

"அண்ணே, முழு பூஸ்ட்ல பெட்ரோல் பிரஷர் எவ்வளவு நிக்குது? பதிவைக் காட்டுங்க."

காட்டினால் அவர் தொழில்காரர். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி" என்றால் சாவியை வாங்கிக் கொண்டு திரும்புவது உத்தமம்.

யோசித்துப் பார்த்தால்...

காலையில் கிண்டி, மாலையில் மவுண்ட் ரோடு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஊரில், கம்பெனி கொடுத்த பவரில் பாதியைக்கூட முழுசாக உபயோகிக்க வழி இல்லை. அப்படியும் ஆசை என்றால், காற்றுக்கு முன் எரிபொருளைப் பார்க்க வேண்டும். முதலில் அளவு, அப்புறம் திருகு. பணம் மிஞ்சினால் அப்புறம் பவர்.

வேகம் வேண்டும் என்கிறவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஊர் ரோடு அதற்கு இல்லை.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சங்கு போனால் ஒரு சங்கோடு போச்சு. டர்போ போனால் கூடவே ஏழு வருஷத் தவணையும் நிற்கிறதே!